‘கபாலி’ பாட்டுக்குள் ஒளிந்திருக்கும் கிள்ளான்! தெரியுமா உங்களுக்கு?

‘நெருப்புடா’ என்ற முழக்கம் முதன்முதலாக வெளியே வந்த தேதி தெரியுமா? 2016 மே 1. தொழிலாளர் தினம்! ‘கபாலி’ படத்தின் டீசர் அன்றுதான் யூடியூபில் ஏறியது. மலாயாத் தோட்டத்தில் பிறந்த ஒரு தொழிலாளி மகன் கோலாலம்பூரில் தலைநிமிரும் கதை, அதன் முதல் ஓசை மே தினத்தன்று! ரசிகர்களின் கொண்டாட்ட இரைச்சலில் அந்தத் தேதியை யாரும் பெரிதாகப் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். ஏனென்றால் அந்த ஆல்பத்தின் ஐந்து பாடல்களையும் வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனால், நாம் போய் நிற்கும் இடம் ரஜினியின் போயஸ் தோட்டமல்ல, நம்ம கிள்ளான்!

ஐந்தே பாடல்கள்தான். சந்தோஷ் நாராயணன் இசை, பா. ரஞ்சித் இயக்கம், கலைப்புலி எஸ். தாணு தயாரிப்பு. ஆல்பம் ஜூன் 12-ல் வந்தது, படம் ஜூலை 22-ல். ‘நெருப்புடா’வை எழுதியவரும் பாடியவரும் ஒரே ஆள், அருண்ராஜா காமராஜ். இரண்டே ஆண்டுகளில் ‘கனா’ படத்தை இயக்கியவர் இவரேதான்! ஏர் ஆசியா விமானத்தில் ரஜினி படம் தீட்டப்பட்டது, பட வெளியீட்டு நாளில் சென்னையிலும் பெங்களூரிலும் சில நிறுவனங்கள் ஊழியர்களுக்கு விடுமுறையே விட்டன. இதெல்லாம் ஊரறிந்த சேதி. ஊர் அறியாத சேதிக்கு வருவோம்.

முதலில் அறிமுகப் பாட்டு. ரஜினி படத்தில் அறிமுகப் பாட்டு என்றால் என்ன என்பது நமக்கு மனப்பாடம். நாயகன் வருவார், நமக்கு வாழ்க்கைத் தத்துவம் சொல்வார், ஊரே சேர்ந்து ஆடும். 1995-ல் வந்த ‘முத்து’ படத்தின் அறிமுகப் பாட்டு நினைவிருக்கிறதா? ‘ஒருவன் ஒருவன் முதலாளி’. மேலே ஒரே ஒரு முதலாளி, கீழே நாம் எல்லாரும் வேலைக்காரர்கள் என்ற ஆன்மிகக் கணக்கு அது. அதற்கு 21 ஆண்டுகள் கழித்து அதே ரஜினிக்கு வந்த அறிமுகப் பாட்டின் பெயர் என்ன தெரியுமா? ‘உலகம் ஒருவனுக்கா’! அங்கேயும் ஒருவன், இங்கேயும் ஒருவன். அங்கே அது முடிந்த தீர்ப்பு, இங்கே அது கேள்வி! கபிலன் எழுதிய இந்தப் பாட்டு முந்தைய பாட்டுக்குப் பதில் சொல்லத்தான் எழுதப்பட்டது என்று நான் வாதாட வரவில்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள், தமிழ்ச் சினிமா எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது என்று உங்களுக்கே புரியும்.

சரி, இந்தக் கேள்வியை மலேசிய மண்ணில் முதலில் கேட்டது சினிமாவா? இல்லவே இல்லை! படம் வருவதற்கு 75 ஆண்டுகளுக்கு முன்பே கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் இந்தக் கேள்வி வெடித்துவிட்டது.

1941. ஐரோப்பாவில் உலகப் போர். ரப்பருக்கும் வெள்ளீயத்துக்கும் உலகமே பறக்கிறது, மலாயா பிரிட்டனுக்குப் பணம் காய்க்கும் மரம். அந்த மரத்தில் பால் வெட்டிய நம்மவர்களுக்குக் கிடைத்தது என்ன? ஒரே மாதிரி வேலைக்குச் சீனத் தொழிலாளிக்கு ஒரு கூலி, தமிழ்த் தொழிலாளிக்கு அதைவிடக் குறைந்த கூலி. மார்ச் மாதம் கிள்ளான் வட்டாரத்தில் ஆரம்பித்த வேலைநிறுத்தம் தோட்டம் தோட்டமாகப் பரவியது. கூலியை உயர்த்தச் சொல்லி மட்டும் அவர்கள் வெளியே வரவில்லை. அவர்கள் வைத்த கோரிக்கைகளைப் படித்தால் மெய்சிலிர்க்கும்! பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் வேண்டும். மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். எங்கள் பெண்கள் மீது கை வைப்பதை நிறுத்த வேண்டும். உறவினர்கள் எங்களைப் பார்க்கத் தோட்டத்துக்குள் தடையில்லாமல் வர வேண்டும். சங்கம் அமைக்க உரிமை வேண்டும். குறை சொன்னவனைப் பழிவாங்கக் கூடாது.

இவற்றோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது. துரைக்கும் கிராணிக்கும் எதிரே வரும்போது சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிச் செல்ல அனுமதி வேண்டும்!

திரும்ப ஒருமுறை படியுங்கள். விடிவதற்கு முன்னே எழுந்து, வெட்டுக் கத்தியும் வாளியுமாக நாள் முழுக்க மரத்துக்கு மரம் ஓடி, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி ஒரு சைக்கிள் வாங்குகிறான் ஒரு மனிதன். மாலையில் செம்மண் பாதையில் மிதித்து வருகிறான். எதிரே துரை வந்தால் இறங்க வேண்டும். இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும். அவர் கடந்து போன பிறகுதான் மறுபடி ஏறலாம். துரைக்கு மட்டுமா, கணக்கெழுதும் கிராணிக்கும் அதே மரியாதை! கூலி உயர்வுக்கும் கள்ளுக்கடைக்கும் நடுவில் இந்த ஒரு சைக்கிளைக் கொண்டுவந்து வைத்தார்களே, அந்த மனிதர்களுக்குக் கோடி வணக்கம். கால்மேல் கால் போட்டு, கோட்டு சூட்டோடு நாற்காலியில் சாய்ந்து உட்காரும் கபாலியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சைக்கிள்தான் ஞாபகத்துக்கு வருகிறது. எதிரில் யார் வந்தாலும் எழுந்திருக்கத் தேவையில்லாத ஒரு தமிழன்! ‘நெருப்புடா’ ஒலிக்கையில் கிள்ளான் தியேட்டரில் எழும்பிய விசிலுக்குள் மூன்று தலைமுறை மூச்சு அடங்கியிருந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர் யார் தெரியுமா? ஆர்.எச். நாதன். அவர் ஒரு பத்திரிகைக்காரர். எந்தப் பத்திரிகை? ‘தமிழ் நேசன்’! அங்கே துணையாசிரியர் அவர். 1924-ல் நரசிம்ம ஐயங்கார் கோலாலம்பூரில் தொடங்கி, 2019 தொடக்கம்வரை ஓடி நின்றுபோன நம் நாளிதழ்.

இப்போது ‘கபாலி’க்கு வாருங்கள். அந்தப் படத்தில் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் குரல் கொடுக்கும் தலைவராக, கபாலிக்கு வழிகாட்டியாக வருகிறவர் நாசர். பாத்திரத்தின் பெயர்? தமிழ்நேசன்! இளைஞன் கபாலி பெயரெடுப்பது எதனால்? சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி கேட்டு! தற்செயலோ திட்டமோ, எனக்கு இரண்டும் ஒன்றுதான். பெயரும் பொருந்துகிறது, கோரிக்கையும் பொருந்துகிறது. படத்தின் முன்கதையைக் கற்பனை என்று நினைத்துப் பார்த்துவிட்டு வந்த எத்தனை பேருக்கு, அது தம் தாத்தாவின் கதை என்று தெரிந்திருக்கும்?

நாதனுக்கு என்ன ஆனது? 1941 மே மாதம் கைது செய்தார்கள், பிறகு நாடு கடத்தி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். கைதைக் கேட்டுத் தோட்டங்கள் கொதித்தன. அரசு சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்தது, இராணுவம் இறங்கியது, துப்பாக்கிகள் வெடித்தன. ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் பிடிபட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பான்காரன் வந்து இறங்கியதும் எல்லாருக்கும் எல்லாமும் மறந்துபோனது.

படத்தின் மீது எனக்கு உள்ள ஒரே பெரிய மனத்தாங்கலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். திரையில் வில்லன் ஒரு சீனர், டோனி லீ. 1941-ல் நம்மவர்கள் கேட்டது சீனருக்குக் கிடைத்த கூலியை. சண்டை போட்டதோ வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளோடு. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 1937-ல், இதே சிலாங்கூரில் பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைநிறுத்தம் செய்து அடி வாங்கியவர்கள் சீனத் தொழிலாளர்கள்! ‘உலகம் ஒருவனுக்கா’ என்ற கேள்வி அவர்களுடையதும்தான். பாட்டு அதைப் புரிந்துகொண்டு பொதுவாகக் கேட்கிறது. திரைக்கதைதான் வசதிக்காக வழி மாறிவிட்டது. இந்த ஓரிடத்தில் ஆல்பம் படத்தைவிட உயர்ந்து நிற்கிறது என்பேன்.

இன்னொரு பெயரையும் மறக்கக்கூடாது. மலாயா கணபதி! அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர் எஸ்.ஏ. கணபதி, தஞ்சைத் தம்பிக்கோட்டைக்காரர். 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முதல் நாள் அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தப் புடு சிறை இப்போது எங்கே? இடித்தாயிற்று! அதே நிலத்தில் இன்று பளபளக்கும் பேரங்காடி நிற்கிறது. சிறையின் பழைய வாசல் மட்டும் மிச்சம். சாமான் வாங்கப் போகிறவர்கள் அந்த வாசலைப் பார்த்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள், ஐயா. சிறைக்கதவு திறந்து கபாலி வெளியே வரும் காட்சிக்குக் கைதட்டினோமே, வெளியே வராதவர்கள் இருந்த இடம் அது.

சிறை என்றதும் இன்னொன்று! கபாலியை நாம் முதலில் பார்க்கும்போது அவர் கையில் ஒரு புத்தகம் இருக்கிறது. கவனித்தீர்களா? ஒய்.பி. சத்தியநாராயணா எழுதிய ‘மை ஃபாதர் பாலையா’. தெலங்கானாத் தலித் குடும்பம் ஒன்று ரயில்வே வேலையைப் பற்றிக்கொண்டு மேலேறி வந்த உண்மைக் கதை. ரயில்வே! நம்ம பிரிக்பீல்ட்ஸ் எப்படி வளர்ந்தது? செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற அந்த இடம், ரயில்வே வேலைக்கு வந்த நம் மக்களின் குடியிருப்பாகத்தானே தழைத்தது! படம் ஓடிய சில நிமிடங்களிலேயே ரஞ்சித் தன் கணக்கை மேசையில் வைத்துவிட்டார். கோட்டு போடுவதிலும் அரசியல் இருக்கிறது, காந்தி சட்டையைக் கழற்றியதும் அம்பேத்கர் கோட்டை மாட்டியதும் வெவ்வேறு அரசியல் என்று பின்னால் வரும் வசனம், அந்தப் புத்தகத்தின் நீட்சி.

இப்போது இசைக்குள் போகலாம். ‘உலகம் ஒருவனுக்கா’வில் யார் யார் குரல்கள் தெரியுமா? அனந்து, சந்தோஷ் நாராயணன், கானா பாலா, ரோஷன் ஜாம்ராக். வடசென்னைச் சாவு வீட்டிலும் தெருமுனையிலும் வளர்ந்த கானா ஒரு பக்கம். மலேசியத் தமிழ் ராப் மறு பக்கம். ரோஷன் ஜாம்ராக் நம்ம நாட்டுப் பிள்ளை! தன் ராப் பகுதியைத் தானே எழுதியவர், ‘வீர துரந்தரா’விலும் அப்படியே. கடலின் இரு கரைகளிலும் உழைக்கும் மக்கள் தங்களுக்கென்று உண்டாக்கிக்கொண்ட இரண்டு பாட்டு வகைகள் ஒரே தாளத்தில் வந்து கைகுலுக்குகின்றன. எனக்குத் தெரிந்து இந்த ஆல்பத்தின் மிகப் பெரிய அரசியல் இதுதான். சொற்களில் இருப்பதைவிடக் குரல்களில் இருக்கிறது.

அது இயக்குநர் தெரிந்து செய்த வேலை என்பதற்கு அடுத்த படமே சாட்சி. 2018-ல் அதே ரஞ்சித், அதே சந்தோஷ் நாராயணன், அதே ரஜினி, ‘காலா’. கதைக்களம் மும்பை தாராவி. பாட்டில் ராப் பாடியவர்கள்? தாராவியிலேயே பிறந்து வளர்ந்த டோப்அடெலிக்ஸ் குழு! எந்த மண்ணின் கதையோ அந்த மண்ணின் குரலுக்கே மைக்கைக் கொடு என்ற முறை. அதை அவர்கள் ரஜினி படத்தில் முதன்முதலாகச் செய்து பார்த்தது நம்மை வைத்துத்தான்!

அதுசரி, தமிழ் ராப்புக்கு மலேசியாவை ஏன் தேட வேண்டும்? தேடாமல் வேறெங்கே போவது! சென்னை விழித்துக்கொள்ளும் முன்பே கோலாலம்பூர் தமிழில் ராப் பாடிக்கொண்டிருந்தது. 1998-லேயே பொயட்டிக் அம்மோ குழுவின் முதல் ஆல்பம். அதிலிருந்து வந்த யோகி பி என்பவர் எம்சி ஜெஸ், டாக்டர் பர்ன் ஆகியோரோடு ‘யோகி பி அண்ட் நட்சத்ரா’ என்று கிளம்பி 2006-ல் ‘வல்லவன்’ ஆல்பத்தைப் போட்டார். இளையராஜாவின் ‘நிழல்கள்’ பாட்டை அவர்கள் மீட்டெடுத்த ‘மடை திறந்து’ ஒலிக்காத தமிழ் வீடு அன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏது! அடுத்த ஆண்டே கோடம்பாக்கம் அவர்களை ‘பொல்லாதவன்’ படத்துக்கு அழைத்துக்கொண்டது. ‘கபாலி’யில் மலேசிய ராப் ஒலிப்பதை நம் நாட்டுக்குக் கிடைத்த வாய்ப்பு என்று சொல்வோரிடம் நான் சொல்வது இது: கற்றுக்கொடுத்தவர்களே நாம்தான்!

‘வீர துரந்தரா’வையும் ‘மாய நதி’யையும் எழுதியவர் உமா தேவி. கவிஞர், தமிழ்ப் பேராசிரியர். ரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ படத்தில் ‘நான் நீ நாம்’ எழுதியவர். ரஜினிக்கு வீரப்பாட்டு எழுதியவர்கள் என்று யோசித்தால் பெரும்பாலும் ஆண் கவிஞர்களின் பெயர்கள்தானே வரும்? இங்கே நாயகனின் வீரத்தைப் பாடுவது ஒரு பெண்ணின் பேனா! அதியமானை ஔவை பாடிய மரபல்லவா அது! ‘வீர துரந்தரா’வின் நடையைக் கவனியுங்கள், புறநானூற்றுப் பாடாண் பாட்டின் மிடுக்கு அதில் இருக்கிறது. அரசனுக்கும் வள்ளலுக்கும் சேர்த்து வைத்த சொற்களை எடுத்து, பால்மரக் காட்டில் பிறந்தவனுக்குச் சூட்டிவிட்டார்.

‘மாய நதி’ காதல் பாட்டுத்தான். ஆனால் யாருக்கு? 25 ஆண்டு சிறையிலிருந்து நரைத்த தாடியோடு வருகிறவனுக்கும், அவன் செத்துப்போனதாக நினைத்த மனைவிக்கும். அனந்துவும் பிரதீப் குமாரும் ஸ்வேதா மோகனும் பாடும்போது அவசரமே இல்லாமல் நகர்கிறது. கபிலன் எழுதி பிரதீப் குமார் பாடிய ‘வானம் பார்த்தேன்’ அதற்கு முந்தைய தேடல். கப்பலேறியதில் ஒரு பிரிவு, சயாம் மரண ரயில்பாதைக்கு ஆள் பிடித்துப் போனதில் ஒரு பிரிவு, 1969-க்குப் பிறகு குடியுரிமையும் வேலை அனுமதியும் இல்லாமல் தமிழகம் திரும்பியதில் ஒரு பிரிவு என்று குடும்பம் குடும்பமாகப் பிரிந்த மக்கள் நாம். இந்த இரண்டு பாட்டுகளையும் வெறும் காதல் பாட்டுகள் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

படத்தில் வரும் வில்லன் கும்பலுக்கு 43 என்று எண்ணைப் பெயராக வைத்தது ஏன் தெரியுமா? இங்கே நிஜத்திலும் கும்பல்களுக்கு எண்தான் பெயர்! 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டபோது அவற்றில் பல 04, 08, 36 என்று எண்களாக இருந்தன. இந்தக் கும்பல்களுக்குப் பையன்கள் எங்கிருந்து வந்தார்கள்? ரப்பர் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறின. தோட்டக் குடியிருப்பான லயத்தை விட்டு வெளியேற்றப்பட்டவர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கின் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் வந்து சேர்ந்தார்கள். தோட்டத்தில் கோயில் இருந்தது, பள்ளி இருந்தது, பந்துத் திடல் இருந்தது. அடுக்குமாடியில் மின்தூக்கிகூட ஒழுங்காக ஓடாது. பையன்கள் எங்கே போவார்கள்? கபாலி நடத்தும் ‘ஃப்ரீ லைஃப் ஃபவுண்டேஷன்’ பள்ளி அந்தப் பையன்களுக்கானது. இதே கதையை ரஜினியோ விமானமோ இல்லாமல், நம் சஞ்சய் குமார் பெருமாள் 2015 டிசம்பரிலேயே ‘ஜகாட்’ படத்தில் சொல்லிவிட்டார்! 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் அதுதான். ‘கபாலி’யை நூறு முறை பார்த்தவர்கள் ‘ஜகாட்’டை ஒரு முறையாவது பார்த்துவிடுங்கள்.

மலேசியாவில் நாம் பார்த்த ‘கபாலி’யும் தமிழகத்தில் ஓடிய ‘கபாலி’யும் ஒன்றல்ல, தெரியுமா? அங்கே முடிவை ரசிகர்களின் ஊகத்துக்கே விட்டுவிட்டார்கள். இங்கே கபாலி போலீசில் சரணடைந்தார் என்று திரையில் எழுத்துப் போட்டு முடித்தார்கள்! மலாய் மொழியில் டப் செய்தும் வெளியிட்டார்கள். ஒரு பாட்டு எழுப்பும் கேள்வியை ஒரு வரி எழுத்து அடக்கிவிடுமா என்ன?

அடக்கவில்லை. 2021 மார்ச்சில் ‘எஞ்சாயி எஞ்சாமி’ வந்தது. பாடகி தீயும் ராப்பர் அறிவும் பாடியது, தயாரித்து இசையமைத்தவர் அதே சந்தோஷ் நாராயணன். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழகம் திரும்பியவர். 1964-ன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரை அப்படித் திருப்பி அனுப்பியது. ரப்பருக்கு ஒரு பாட்டு, தேயிலைக்கு ஒரு பாட்டு! தோட்டத் தமிழரின் கதையை ஐந்தே ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை உலகம் முழுக்கக் கேட்க வைத்தது ஒரே இசையமைப்பாளரின் கை.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். 1941-ல் பத்து வயதுச் சிறுவனாகவோ சிறுமியாகவோ கிள்ளான், காப்பார், பந்திங் பக்கத் தோட்டங்களில் இருந்தவர்களுக்கு இப்போது 95 வயதை ஒட்டி இருக்கும். சிலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒருவர் இருந்தால், இந்த வாரமே போய் உட்காருங்கள். கைபேசியில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டுக் கேளுங்கள்: எந்தத் தோட்டம், எத்தனையாவது மைல் கட்டை, துரை யார், அப்பாவிடம் சைக்கிள் இருந்ததா, எதிரே துரை வந்தால் இறங்கினாரா? சொல்வதை அப்படியே பதிந்து, பெயரும் தோட்டமும் தேதியும் குறித்து வையுங்கள்.